லென்ஸ் போடும் நேரம்: தென்காசிக் காற்றும் குற்றாலத் தண்ணீரும்

மென்லென்ஸை, அதாவது மென்மையான கான்டாக்ட் லென்ஸை, முதன்முதலாக வாங்குகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போட்டுக்கலாம்?" 8, 10, 12 என்று ஏதோ ஓர் எண் பதிலாக வரும். அந்த எண்ணில் தவறில்லை. ஆனால் அதைச் சொன்னவர் உங்கள் ஊரின் காற்றையும் தூசியையும், நீங்கள் செய்யும் வேலையையும் கணக்கில் எடுத்துச் சொல்லவில்லை. ஒரே ஆள், ஒரே லென்ஸ். சித்திரை வெயிலில் ஆலங்குளத்திலிருந்து பைக்கில் தென்காசி வந்து சேரும்போது மதியத்திலேயே கண் கரகரக்கும். கார்த்திகை மாதத்தில் வீட்டுக்குள் இருந்து படித்தால் ராத்திரி வரை லென்ஸ் கண்ணில் இருப்பதே தெரியாது. ஆகவே இந்த அத்தியாயம் ஓர் எண்ணைத் தரப் போவதில்லை. உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடிக்கும் வழியையும், அந்த எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் லென்ஸைக் கழற்றியே ஆக வேண்டிய இடங்களையும் சொல்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் முதலாவது, நம் ஊருக்கு வருகிற எல்லாரும் தேடி வரும் அருவி.

இரண்டு நேரங்கள்

லென்ஸ் போடும் நேரம் என்று நாம் ஒன்றாகச் சொல்வது உண்மையில் இரண்டு நேரங்கள். போட்டதிலிருந்து கழற்றுவது வரை மொத்த நேரம். போட்டதிலிருந்து, "கண்ணில் ஏதோ இருக்கிறது" என்று முதன்முதலாகத் தெரிவது வரை சுகமான நேரம். கடையில் சொல்வது முதலாவதைப் பற்றி. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

ஒரு வாரம் இதைக் குறித்துப் பாருங்கள். போட்ட நேரம், முதல் உறுத்தல் தெரிந்த நேரம், கழற்றிய நேரம் ஆகிய மூன்றும் போதும். பக்கத்தில், அன்று எங்கே இருந்தீர்கள் என்பதை இரண்டு சொல்லில் எழுதுங்கள்: பஸ், கடை, கம்ப்யூட்டர், வயல், கோயில். காலை 7 மணிக்குப் போட்டு, மாலை 4 மணிக்கு உறுத்தத் தொடங்கி, இரவு 9 மணிக்குக் கழற்றினால் உங்கள் மொத்த நேரம் 14 மணி. சுகமான நேரம் 9 மணி. நடுவில் உள்ள 5 மணி நேரமும் கண் சகித்துக்கொண்ட நேரம். இந்த இடைவெளி வாரத்துக்கு வாரம் கூடினால் லென்ஸோ சொல்யூஷனோ கண்ணோ ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. கண் மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள். "சாயங்காலம் ஆனா கண்ணு கரிக்கி" என்று பொதுவாகச் சொல்வதைவிட அது அவருக்குப் பல மடங்கு உதவும்.

புதிதாகப் போடுகிறவர்கள் முதல் நாள் 4 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிரமம் இல்லையென்றால் நாளுக்கு 1 அல்லது 2 மணி நேரம் கூட்டலாம். ஒன்றிரண்டு வாரத்தில் 8 முதல் 10 மணி வரை வந்தால் போதும். அதற்கு மேல் போகத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். என் கருத்தில் வீடு திரும்பியதும் லென்ஸைக் கழற்றிக் கண்ணாடி போட்டுக்கொள்வதுதான் லென்ஸ் போடுகிறவருக்கு இருக்கக்கூடிய மிக நல்ல பழக்கம். அதனால் பவர் சரியாக உள்ள ஒரு கண்ணாடி எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். கண்ணாடியே இல்லாமல் லென்ஸை மட்டும் நம்பியிருப்பவர்கள்தான் கண் சிவந்த நாளிலும் லென்ஸைப் போட்டுக்கொண்டு காலேஜுக்கும் வேலைக்கும் போகிறார்கள்.

உறுத்தல் எங்கிருந்து வருகிறது

கருவிழியின் முன்பக்கம் கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும் என்பதால் அதில் ரத்தக்குழாய்கள் கிடையாது. அதற்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதி காற்றிலிருந்து கண்ணீர் வழியாக வருகிறது. லென்ஸ் போட்டதும் நடுவில் ஒரு தடுப்பு விழுகிறது. கண்ணீர்ப் படலமும் லென்ஸுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டாகப் பிரிகிறது. மேலே உள்ள படலம் மெலிந்துபோவதால் சீக்கிரம் உடையும். அது உடைந்த இடத்தில் லென்ஸின் மேற்பரப்பு உலரும். உலர்ந்த பரப்பின் மேல் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் மேலிமையின் ஓரம் உராயும். மாலையில் தெரியும் கரகரப்பில் பெரும்பங்கு இதுதான். இதோடு கண்ணீரில் உள்ள புரதமும் கொழுப்பும் லென்ஸில் படிந்து அதன் வழவழப்பைக் குறைக்கின்றன.

லென்ஸ் எவ்வளவு தடுக்கிறது என்பது அது எந்தப் பொருளால் ஆனது என்பதைப் பொறுத்தது. செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே, 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், தம் வீட்டு மேசையில் மகனின் விளையாட்டு இரும்புத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு ஓர் இயந்திரம் கட்டி முதல் மென்லென்ஸ்களை வார்த்தார். அவர் எடுத்துக்கொண்ட ஹீமா என்ற பொருளின் எடையில் சுமார் 38 விழுக்காடு தண்ணீர். அமெரிக்காவில் 1971இல் அனுமதி கிடைத்து, அந்த லென்ஸ் உலகமெங்கும் பரவியது. ஹீமாவில் ஆக்சிஜன் அந்தத் தண்ணீர் வழியாகத்தான் கடந்தாக வேண்டும். 1990களின் இறுதியில் வந்த சிலிகான் ஹைட்ரோஜெல் லென்ஸில் சிலிகான் வழியாகவே ஆக்சிஜன் செல்கிறது. பல மடங்கு அதிகமாகச் செல்கிறது. நாள் முழுவதும் போட வேண்டியவர்கள் இந்த வகையைக் கேட்டு வாங்குவது நல்லது.

கடையில் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். தண்ணீர் அதிகம் உள்ள லென்ஸ் கண்ணுக்கு அதிக ஈரம் தரும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் காற்றும் வெயிலும் உள்ள இடத்தில் அப்படிப்பட்ட லென்ஸ்தான் பெரும்பாலும் வேகமாகத் தண்ணீரை இழக்கிறது. இழந்ததைக் கண்ணீரிலிருந்து உறிஞ்சவும் பார்க்கிறது. ஏற்கெனவே கண்ணில் ஈரம் குறைவாக உள்ளவர்கள் பெட்டியில் அச்சிட்டிருக்கும் தண்ணீர் விழுக்காட்டை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

சாரல் மாதக் காற்று

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிப் பக்கம் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்; எனவே லென்ஸுக்கு இது நல்ல காலம் என்று பலர் நம்புகிறார்கள். பாதிதான் உண்மை. செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகும் மேற்குக் காற்றுதான் நமக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. அதே காற்றை நம்பித்தான் சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. மலையடிவாரத்தில் குற்றாலம், மேலகரம், இலஞ்சி என்று இருக்கும் வரை காற்றோடு நீர்த்துளியும் வரும். கிழக்கே போகப் போகத் துளி குறைந்து காற்று மட்டும் மிஞ்சும். காய்ந்த வயல் மண்ணும் அதோடு சேரும். அந்தக் காற்றில் முகத்தைத் திறந்துவைத்து பைக் ஓட்டினால் அரைமணி நேரப் பயணத்திலேயே லென்ஸ் உலரும்.

ஹெல்மெட்டின் முகமூடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். காற்று அவர்களையும்தான் அடிக்கிறது. திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் கண்ணாடிக் கதவை மூடுங்கள், அல்லது பக்கவாட்டையும் மறைக்கும் குளிர்கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். தூசி கண்ணில் விழுந்தால் லென்ஸோடு சேர்த்துத் தேய்க்கவே கூடாது. லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவில் ஒரு மணல் துகள் சிக்கியிருக்கும்போது தேய்த்தால் கருவிழியைக் கீறுவது நம் விரல்தான். கையைக் கழுவிவிட்டுக் கழற்றுங்கள். சொல்யூஷனில் தேய்த்து அலசுங்கள். கண் தெளிந்த பிறகு போடுங்கள்.

அலுவலகத்திலும் படிப்பு மேசையிலும் வேறொரு வகை உலர்ச்சி உண்டு. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறைபோல இமைக்கும் நாம், திரையைப் பார்க்கும்போது 5 முறை அளவுக்கு இறங்கிவிடுகிறோம். அதிலும் பல அரைகுறை இமைப்புகள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், செல்போனை விடாதவர்கள், ஏசியின் நேர் காற்றில் உட்காருபவர்கள் அவ்வப்போது நிறுத்தி, இரண்டு இமையும் முழுதாகத் தொடும்படி பத்துமுறை மெதுவாக இமைத்துப் பாருங்கள். மின்விசிறியின் காற்று முகத்தில் நேராக அடிக்காதபடி நாற்காலியைத் திருப்பிப் போடுவதும் பலன் தரும்.

ஈரப்படுத்தும் சொட்டு மருந்து தேவைப்பட்டால், லென்ஸ் போட்டபடி விடத்தக்கது என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். பன்னீர், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதையும் லென்ஸ் போடுகிற கண்ணில் விடக் கூடாது. பாட்டி சொன்னாள் என்பதற்காகச் செய்கிறவர்கள் இன்றும் நம் ஊரில் இருக்கிறார்கள். பாட்டி காலத்தில் கருவிழியின் மேல் லென்ஸ் இருந்ததில்லை.

கையில் என்ன இருக்கிறது

லென்ஸ் சுகமாக இருக்கவில்லை என்று சொல்கிறவர்களின் கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். தென்காசி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். சுற்றி முடித்த விரலில் புகையிலைத் தூள் நகக்கண் வரை ஏறியிருக்கும். புளியங்குடி மண்டியில் எலுமிச்சை தரம் பிரிக்கிறவர்கள், செங்கோட்டைப் பக்கம் மர அறுவை ஆலையில் நிற்கிறவர்கள், சங்கரன்கோவிலில் தறி ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் இதே நிலைமைதான். பிரானூர் பார்டரில் மிளகுக் கோழியும் பரோட்டாவும் சாப்பிட்டுவிட்டு வந்து, கையைத் தண்ணீரில் மட்டும் கழுவிவிட்டு லென்ஸைத் தொட்டால் அன்று இரவு முழுக்கக் கண் எரியும்.

சோப்புப் போட்டு, விரல்நுனி, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவ வேண்டும். வாசனை எண்ணெயும் கிரீமும் கலந்த சோப்பு வேண்டாம்; அதன் வழுக்கல் விரலில் தங்கி லென்ஸில் ஒட்டும். கழுவிய கையை நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிறகே லென்ஸைத் தொட வேண்டும். பஞ்சுபஞ்சாக நூல் உதிரும் துண்டில் துடைக்காதீர்கள். சலவை செய்த கைக்குட்டை போதும். வேலைக்குப் போகுமுன் லென்ஸைப் போட்டு, வேலை முடிந்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, குளிப்பதற்கு முன் கழற்றுவது என்று வைத்துக்கொண்டால் வேலைக் கையால் லென்ஸைத் தொடும் தேவையே வராது. பஞ்சு, மரத்தூள், புகையிலை பறக்கும் இடத்தில் வேலை செய்கிறவர்கள் அங்கே லென்ஸே போடாமல் கண்ணாடி போடுவது இன்னும் நல்லது. வெளியே போகும் நாளுக்கு லென்ஸை வைத்துக்கொள்ளுங்கள்.

அருவிக்கு முன்

"ஒரு நிமிஷம் தலையக் காட்டிட்டு வந்துருதேன், லென்ஸ் என்ன செய்யும்?" சீசன் நேரத்தில் குற்றாலத்து ஐந்தருவிப் படிகளில் யாரும் சொல்லக் கேட்கக்கூடிய பேச்சு. லென்ஸ் அடித்துக்கொண்டு போய்விடுமே என்பதுதான் அவர்களுடைய பெரிய கவலை. போய்விட்டால் நஷ்டம் பணத்தோடு முடியும். போகாமல் கண்ணிலேயே இருந்துவிட்டால்தான் ஆபத்து.

ஆற்று நீர், அருவி நீர், குளத்து நீர், குழாய் நீர் எல்லாவற்றிலும் அக்காந்தமீபா என்ற ஓருயிரணு வாழக்கூடும். வெறுங்கண்ணில் பட்டால் பெரும்பாலும் கண்ணீரும் இமைப்பும் அதைக் கழுவிவிடும். லென்ஸ் இருந்தால் அதில் ஒட்டிக்கொண்டு, கருவிழியோடு அழுந்தியபடி மணிக்கணக்கில் தங்குகிறது. சூழல் சரியில்லையென்றால் தன்னைச் சுற்றிக் கெட்டியான ஓடு கட்டிக்கொள்ளும். அந்த நிலையில் நீச்சல் குளத்துக் குளோரினும் சாதாரண லென்ஸ் சொல்யூஷனும் அதை முழுதாகக் கொல்வதில்லை. கருவிழியில் இது புண்ணாக்கினால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். லென்ஸ் போடாதவர்களுக்கும் அழுக்கு நீரும் மண்ணும் கண்ணில் பட்டு இந்த நோய் வருவதை இந்தியக் கண் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நோய் அரிதுதான். ஆனால் அரிதான நோயை நாமே வாசலைத் திறந்து அழைக்கத் தேவையில்லை.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. கண்ணீரில் உப்பு உண்டு. அருவி நீரில் அந்த அளவு உப்பு இல்லை. நன்னீர் பட்டதும் மென்லென்ஸ் கண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும். குளித்துவிட்டு வந்தவுடன் கழற்றப் பார்த்து, வரவில்லையே என்று கிள்ளி இழுத்தால் கருவிழியின் மேல்தோல் சேர்ந்து உரியும். அப்படி ஒட்டிவிட்டால் பதறாமல் லென்ஸுக்கு ஏற்ற சொட்டு மருந்தை விட்டு, இமைத்துக்கொண்டு, அரைமணி நேரம்போலக் காத்திருங்கள். லென்ஸ் தானாக நகரத் தொடங்கும். பிறகு கழற்றி, அந்த லென்ஸைக் குப்பையில் போட்டுவிடுங்கள். ஒரு மாத லென்ஸில் இரண்டாம் நாளாக இருந்தாலும் சரி.

எண்ணெய்க் குளியலுக்கு வருகிறவர்கள் இன்னும் முன்கூட்டியே கழற்ற வேண்டும். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிக்கத் தடை உண்டு. ஆனாலும் உடம்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் ஆசையில்தான் பலரும் குற்றாலம் வருகிறார்கள். தலையில் வைத்த எண்ணெய் தண்ணீர் பட்டதும் நெற்றி வழியாகக் கண்ணுக்குத்தான் இறங்கும். லென்ஸில் ஏறிய எண்ணெய் எளிதில் போகாது. அன்று முழுவதும் பனிமூட்டத்தில் பார்ப்பதுபோல் இருக்கும். தேய்க்கிறவர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும் முன்பே லென்ஸ் டப்பாவுக்குள் இருக்க வேண்டும்.

எனவே அருவிக்குப் போகும் நாளை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். தங்கும் அறையிலேயே லென்ஸைக் கழற்றிவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு கிளம்புங்கள். அருவிக் கரையில், கூட்டத்துக்கு நடுவில், ஈரக் கையோடு கழற்றுவது எந்த வகையிலும் நல்லதல்ல. பவர் அதிகம் உள்ளவர்களுக்குக் கண்ணாடியில்லாமல் படி தெரியாது. பாறையும் பாசியால் வழுக்கும். பழைய கண்ணாடி ஒன்றுக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கம்பித் தடுப்பு வரை போங்கள். அங்கே கூட வந்தவரிடம் கொடுத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து இறங்குங்கள். அருவிக்கடியில் நீச்சல் கண்ணாடியை நம்ப வேண்டாம். பேரருவி நடுவில் பொங்குமாகடல் என்ற பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்து வந்தாலும், தலையில் அறையும் அந்த நீரின் விசையில் ரப்பர் விளிம்பு விலகிவிடும். குளித்து முடித்து, தலை துவட்டி, முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, கண் சிவப்பு முழுவதும் போன பிறகு, ஒரு மணி நேரமாவது கழித்து லென்ஸைப் போடுங்கள். ராத்திரியும் ஒருமுறை அருவிக்குப் போகும் எண்ணம் இருந்தால் அன்று லென்ஸை மறந்துவிட்டுக் கண்ணாடியோடு சுற்றுங்கள்.

வெளியூரிலிருந்து இரண்டு மூன்று நாள் வருகிறவர்களுக்கு ஒருநாள் லென்ஸ்தான் என் பரிந்துரை. மாத லென்ஸைவிடச் செலவு அதிகம் என்பது உண்மை. ஆனால் பயணத்துக்கு மட்டும் சில ஜோடி வாங்கினால் பெரிய தொகை வராது. டப்பா, சொல்யூஷன், விடுதிக் குழாய் நீர் என்று மூன்று கவலை ஒரேயடியாக ஒழியும். காலையில் புதிது, மாலையில் குப்பை.

வீட்டுக் குளியலறைக்கும் இதே விதிதான். குளித்துவிட்டு லென்ஸ் போடுங்கள்; கழற்றிவிட்டுக் குளியுங்கள். குழாய் நீரில் லென்ஸை அலசுவது, டப்பாவைக் கழுவுவது இரண்டும் கூடாது. எச்சில் தொட்டுப் போடுவதை எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள்.

தூக்கம்

மாலையில் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் அதிகாலையில் சென்னை. லென்ஸோடு ஏறி, பேசிக்கொண்டே தூங்கிப்போய், விடிந்ததும் சிவந்த கண்ணோடு இறங்குகிறவர்கள் உண்டு. இமை மூடியிருக்கும்போது கருவிழிக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. அதன்மேல் லென்ஸும் இருந்தால் கருவிழி வீங்கும், கிருமிக்கு வழி திறக்கும். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் நடந்து 1989இல் வெளியான ஆய்வு இதை எண்ணிக் காட்டியது. மென்லென்ஸைப் பகலில் மட்டும் போடுகிறவர்கள் 10,000 பேரில் ஆண்டுக்கு சுமார் 4 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. இரவும் கழற்றாமல் போடுகிறவர்களில் சுமார் 21 பேருக்கு வந்தது. பிற்காலத்தில் ஆக்சிஜன் நன்றாகக் கடக்கும் லென்ஸ்கள் வந்த பிறகும், இரவில் போடுவதன் ஆபத்து பல மடங்கு என்பது மாறவில்லை. ரயில் தென்காசியைத் தாண்டுமுன் கழற்றிவிடுங்கள். மதியத் தூக்கமும் தூக்கம்தான்.

சொல்யூஷனும் டப்பாவும்

சிங்கப்பூரில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் 66 பேருக்கு ஃபுசேரியம் என்ற பூஞ்சையால் கருவிழியில் புண் வந்தது. ஏறக்குறைய எல்லாரும் லென்ஸ் போடுகிறவர்கள். அமெரிக்காவிலும் அதே நோய் பரவலாகக் கண்டறியப்பட்டது. பலரும் பயன்படுத்தியிருந்த ரெனு மாய்ஸ்சர்லாக் என்ற சொல்யூஷனை பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனம் 2006 மே மாதம் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த விசாரணைகளில் வெளிப்பட்ட பழக்கம் ஒன்று நம்மிடமும் நிறைய உண்டு: டப்பாவில் நேற்றைய சொல்யூஷன் மிச்சம் இருக்க, அதன் மேலேயே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது. பழைய நீர் புதியதன் வீரியத்தைக் குறைத்துவிடும்.

தினமும் பழையதைக் கொட்டுங்கள். லென்ஸை உள்ளங்கையில் வைத்துச் சொல்யூஷன் விட்டு விரலால் தேயுங்கள்; தேய்க்க வேண்டாம் என்று பாட்டிலில் எழுதியிருந்தாலும் தேயுங்கள். அலசிவிட்டுப் புதிய சொல்யூஷனில் ஊறவையுங்கள். லென்ஸை எடுத்ததும் டப்பாவைச் சொல்யூஷனாலேயே அலசி, மூடியைத் திறந்து கவிழ்த்துக் காயவையுங்கள். சாரல் மாதங்களில் வீட்டுக்குள் எதுவும் காய்வதில்லை என்பதால், சுத்தமான டிஷ்யூ தாளால் உட்புறத்தைத் துடைத்துவிட்டுக் கவிழ்ப்பது நல்லது. 3 மாதத்துக்கு ஒருமுறையாவது டப்பாவை மாற்றுங்கள். திறந்த பாட்டிலுக்கும் நாள் கணக்கு உண்டு, பெரும்பாலும் 90 நாள். திறந்த தேதியைப் பேனாவால் பாட்டிலிலேயே எழுதிவையுங்கள். பைக் பெட்டியிலும் வெயிலில் நிற்கும் காரிலும் வைக்காதீர்கள். சலைன் என்று விற்பது உப்பு நீர் மட்டுமே. அது கிருமியைக் கொல்லாது.

கல்யாண வீட்டு லென்ஸ்

முகூர்த்த மாதங்களில் மணப்பெண்ணுக்குச் சாம்பல், பழுப்பு நிறங்களில் பவர் இல்லாத லென்ஸ் போட்டுவிடும் வழக்கம் பெருகியிருக்கிறது. பவர் இல்லையென்றாலும் அதுவும் கருவிழியைத் தொடும் லென்ஸ்தான். நிறச்சாயம் பூசிய பல லென்ஸ்களில் ஆக்சிஜன் குறைவாகவே கடக்கும். ஒப்பனைப் பெட்டியில் இருக்கும் ஒரே ஜோடியை ஒரு பெண்ணுக்குப் போட்டுவிட்டு அடுத்த வாரம் இன்னொரு பெண்ணுக்குப் போட்டால், கிருமியும் கைமாறும். பெண்ணின் அம்மாவோ அத்தையோ பக்கத்தில் நின்று கேளுங்கள்: லென்ஸ் புதிதா, உறை நம் கண்ணெதிரே பிரிக்கப்பட்டதா என்று. முன்கூட்டியே கண் மருத்துவரிடம் அளவு பார்த்து, அவளுக்கென்றே ஒரு ஜோடி வாங்கி, வீட்டில் இரண்டு நாள் போட்டுப் பழகியிருந்தால் மிக நல்லது. ஹோமப் புகைக்கு முன்னால் நெடுநேரம் உட்கார வேண்டியவள் அவள்.

கண் சிவந்தால்

திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையில் 1999 செப்டம்பர் முதல் 2002 ஆகஸ்ட் வரை கருவிழிப் புண்ணோடு வந்த 3183 பேரைப் பரிசோதித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அப்போது தென்காசியும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. 1095 பேருக்குப் பூஞ்சைதான் காரணம். அவர்களில் நூற்றுக்கு 64 பேர் விவசாயிகள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முதலில் கண்ணில் ஏதோ ஒரு சிறு காயம் பட்டிருந்தது. நெல் தாளோ கரும்புத் தோகையோ செடிக் குச்சியோ கீறியதுதான் பெரும்பாலும் தொடக்கம். இந்த எண்கள் லென்ஸ் போடுகிறவர்களைப் பற்றியவை அல்ல. ஆனால் நம் பக்கத்து மண்ணிலும் காற்றிலும் என்ன இருக்கிறது என்பதை அவை சொல்கின்றன. குளிர் நாட்டு ஊர்களில் லென்ஸ் கீறலுக்குப் பின் பெரும்பாலும் பாக்டீரியாவைத்தான் தேடுவார்கள்; இங்கே பூஞ்சையையும் சேர்த்துத் தேட வேண்டும்.

ஆகவே கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, பீளை தள்ளினாலோ முதல் வேலை லென்ஸைக் கழற்றுவது. இரண்டு கண்ணிலும். கழற்றிய சில மணி நேரத்தில் முழுதாகச் சரியாகிவிட்டால் அன்று கண்ணாடியோடு இருந்துவிட்டு, புதிய லென்ஸை மறுநாள் போடலாம். சரியாகவில்லையென்றால் காத்திருக்காதீர்கள். மெட்ராஸ் ஐ என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டு மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி விடுவதுதான் இங்கே நடக்கும் மிகப் பெரிய தவறு. அப்படிக் கொடுக்கப்படும் மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சிவப்பு குறைந்ததுபோல் தெரியும். உள்ளே பூஞ்சை தடையின்றிப் பெருகும். மெட்ராஸ் ஐயாகவே இருந்தாலும், முற்றிலும் குணமாகும் வரை லென்ஸ் போடக் கூடாது. முன்பு போட்ட லென்ஸையும் டப்பாவையும் வீசிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

தென்காசி அரசு மருத்துவமனைக்கோ உங்கள் கண் மருத்துவரிடமோ அன்றைக்கே போங்கள். கருவிழிப் புண் என்று அவர்கள் சொன்னால், திருநெல்வேலி ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனையும் உள்ளன. போகும்போது கழற்றிய லென்ஸையும், உள்ளே இருக்கும் சொல்யூஷனோடு டப்பாவையும், பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். எந்தக் கிருமி என்று பார்க்க அவையும் பரிசோதனைக்கு வேண்டியிருக்கும். அருவியில் குளித்தீர்களா, கண்ணில் ஏதாவது கீறியதா, லென்ஸோடு தூங்கினீர்களா, எந்தச் சொட்டு மருந்து விட்டீர்கள் என்று மருத்துவர் கேட்பார். திட்டுவாரோ என்று மறைக்காமல் உள்ளதை அப்படியே சொல்லுங்கள். எந்த மருந்தைத் தொடங்குவது என்பதை அந்தப் பதிலை வைத்துத்தான் அவர் முடிவு செய்கிறார்.